சராசரியில் விளையும் நெல்

2022 பிப்ரவரி நடுவில், அந்தப் பருவத்தின் கோதுமை விளைச்சல் 11.13 கோடி டன்னாக இருக்கும் என்று மத்திய வேளாண் அமைச்சகம் மதிப்பிட்டது. அது பலித்திருந்தால் சாதனை ஆண்டு. அடுத்த மாதமே வெயில் கொளுத்தியது. 1901 முதலான பதிவுகளில் நாடு கண்ட மிக வெப்பமான மார்ச் அதுதான். பஞ்சாபிலும் அரியானாவிலும் கதிர் பால் பிடித்து மணி திரளும் நேரம் அது. சூடு தாங்காமல் பயிர் அவசரமாக முற்றி, மணி சுருங்கிப்போனது. மே மாதத்தில் மதிப்பீடு 10.64 கோடி டன்னுக்கு இறங்கியது. உலகுக்கே உணவு தரத் தயார் என்று ஏப்ரலில் பேசிய அரசு, மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

பிப்ரவரிக் கணக்கைப் போட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அன்றைய தேதிக்குப் பயிர் செழிப்பாகத்தான் இருந்தது. அந்த எண் வானிலையை மட்டும் வைத்து வந்ததும் அல்ல. மாநிலங்கள் அனுப்பும் சாகுபடிப் பரப்பு, கடந்த ஆண்டுகளின் மகசூல் என்று பலவும் அதில் கலந்திருந்தன. சிக்கல் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. அறுவடைக்கு முன் சொல்லப்படும் எந்த மகசூல் கணிப்புக்கும் இரண்டு பாதிகள் உண்டு. இதுவரை அடித்த வெயிலும் பெய்த மழையும் ஒரு பாதி. அதற்கு அளவீடு இருக்கிறது. இனி அடிக்கப்போகும் வெயிலும் பெய்யப்போகும் மழையும் மறு பாதி. வேறு வழியில்லாததால் அந்தப் பாதியை முந்தைய ஆண்டுகளின் வழக்கத்தைக் கொண்டு நிரப்புகிறார்கள். ஆகவே வழக்கமான ஆண்டில் கணிப்பு அழகாகப் பொருந்துகிறது. வழக்கம் பிசகும் ஆண்டில்தான் கணிப்பு யாருக்கும் தேவைப்படுகிறது. அந்த ஆண்டில்தான் அது காலை வாருகிறது.

இந்தக் கலை புதிதல்ல. அமெரிக்கப் பருத்தி மாநிலங்களின் மழையையும் வெப்பத்தையும் மட்டும் வைத்தே விளைச்சலைக் கணித்துவிடலாம், அரசு நிருபர்கள் ஊர் ஊராக அனுப்பும் அறிக்கைகளை அதற்காக நம்பியிருக்க வேண்டியதில்லை என்று பொருளியலாளர் ஹென்றி மூர் 1917லேயே வாதிட்டார். இந்திய வானிலைத் துறை 1932இல் புனேயில் வேளாண் வானிலைப் பிரிவைத் தொடங்கியது. இன்று அந்தத் துறையும் விண்வெளித் துறையும் தில்லியிலுள்ள மகலனோபிஸ் தேசியப் பயிர்க் கணிப்பு மையமும் சேர்ந்து 'ஃபசல்' என்ற திட்டத்தின்கீழ்ப் பயிர்களைக் கண்காணிக்கின்றன. பயிர் வளரும் கட்டத்தில் ஒன்று, பூக்கும் கட்டத்தில் ஒன்று, அறுவடைக்குச் சற்று முன் ஒன்று என மாவட்டவாரியாக மூன்று கணிப்புகள் வருகின்றன. வாராந்திர மழை, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றைப் பல ஆண்டு மகசூலோடு பொருத்திப் பார்க்கும் புள்ளியியல் சமன்பாடுகள் ஒரு வகை. பயிரின் உடலியக்கத்தையே கணினியில் நாள்தோறும் வளர்த்துப் பார்க்கும் மாதிரிகள் இன்னொரு வகை. நெல் பூக்கும் நாட்களில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும் என்பது போன்ற விதிகள் அவற்றுக்குள் எழுதப்பட்டிருக்கும்.

பெரும் பரப்புக்கு இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. 1972இல் சோவியத் யூனியன் தன் விளைச்சல் பொய்த்ததை மறைத்து அமெரிக்கத் தானியத்தைச் சத்தமில்லாமல் வாங்கிக் குவித்தது. விலை ஏறிய பிறகுதான் அமெரிக்கர்களுக்கு விஷயம் உறைத்தது. அதன் பின்னர் நாசாவும் அமெரிக்க வேளாண் துறையும் வானிலைத் துறையும் 1974இல் ஒரு பெரும் சோதனையில் இறங்கின. செயற்கைக்கோள் படத்திலிருந்து பரப்பு, வானிலையிலிருந்து மகசூல்: இரண்டையும் பெருக்கினால் விளைச்சல். பத்தில் ஒன்பது முறை பத்து விழுக்காட்டுப் பிழைக்குள் சொல்ல வேண்டும் என்பது இலக்கு. 1977இன் சோவியத் கோதுமையை அவர்கள் மாஸ்கோ தன் கணக்கை வெளியிடுமுன்பே ஏறத்தாழ சரியாகச் சொல்லிவிட்டார்கள். அதே சோதனை கனடாவில் திணறியது. அங்கே வயல்கள் குறுகலான பட்டைகளாகக் கிடந்தன. கோதுமைக்கும் பார்லிக்கும் படத்தில் வேறுபாடு தெரியவில்லை. அரை ஏக்கரும் முக்கால் ஏக்கருமாகத் துண்டுபட்ட நம்மூர் வயல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கனடாப் பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழில்நுட்பத்துக்குக் கிடைத்த உண்மையான வெற்றி ரேடார் படங்களால் வந்தது. சம்பா நெல் வளரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை காவிரி டெல்டாவின் மேல் மேகம் மூடியிருக்கும். சாதாரணச் செயற்கைக்கோள் படம் அப்போது பயன்படாது. ரேடார் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் படத்தில் கருப்பாக விழும். பயிர் தூர் கட்டக் கட்ட வெளுத்துக்கொண்டே வரும். 2016இல் வடகிழக்குப் பருவமழை மாநிலத்தில் 62 விழுக்காடு குறைந்தபோது, கோவை வேளாண் பல்கலைக்கழகம் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு இப்படி வரைந்த வரைபடங்கள், விதைக்கவே முடியாமல்போன ஊர்களைக் கண்டறிந்து காப்பீட்டுத் தொகை வழங்க உதவின. நட்டார்களா, நடவில்லையா என்ற கேள்விக்கு ரேடார் தெளிவாகப் பதில் சொல்லும். எத்தனை மூட்டை காணும் என்பது வேறு கேள்வி. முன்னதில் கிடைத்த நற்பெயரைப் பின்னதுக்கும் எழுதிக்கொடுப்பதுதான் இன்றைய தவறு என்று நினைக்கிறேன்.

டெல்டாவில் அந்த இரண்டாம் கேள்வி ஏன் கடினம்? குறுவையை எடுத்துக்கொள்வோம். திருவாரூரில் ஜூலையில் பெய்யும் மழையைக் கொண்டு குறுவை மகசூலைக் கணித்தால் சமன்பாடு வெறும் காற்றைத்தான் அளக்கும். குறுவையின் மழை குடகிலும் வயநாட்டிலும் பெய்கிறது. அது கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தேங்கி, இரண்டு மாநிலங்களின் வாக்குவாதத்தையும் கடந்து மேட்டூருக்கு வர வேண்டும். 2023இல் அணை வழக்கம்போல ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது. ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை படுத்துவிட, அக்டோபர் 10 அன்று மூடப்பட்டது. கருகிய பயிரின் காரணத்தை உள்ளூர் மழைமானியில் தேடிப் பயனில்லை. அதே ஆண்டிலும் போர் போட்டுத் தண்ணீர் இறைத்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். நிலத்தடி நீர் உப்பாகிப்போன கடைமடைக்காரர்களுக்கு அந்த வழியும் இல்லை. வாய்க்கால் முறை, பம்புசெட், மின்சாரம், நடுவர் மன்றத் தீர்ப்பு எல்லாம் வானிலைத் தரவுக்கு வெளியே நிற்கின்றன. புகையான் பூச்சி தாக்கினால் எத்தனை குழி படுத்துவிடும் என்பதும் அப்படித்தான்.

மழையிலேயே இன்னொரு தொல்லை. வெப்பநிலையை இரண்டு நிலையங்களுக்கு இடையே கணக்குப் போட்டு ஊகித்துவிடலாம், பெரிதாகப் பிழைக்காது. மழையை அப்படி ஊகிக்க முடியாது. ஒரு பிர்காவின் மேற்கில் கொட்டும், கிழக்கில் தூறும். இதை உணர்ந்துதான் ஊராட்சிதோறும் தானியங்கி மழைமானியும் வட்டாரந்தோறும் வானிலை நிலையமும் நிறுவும் திட்டத்தை மத்திய அரசு 2023இல் அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் இன்று நட்ட கருவிக்கு முப்பதாண்டுப் பழைய பதிவு கிடையாது. பழைய மகசூலோடு பொருத்திப் பார்க்க இன்னும் பல பருவம் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. 2023 காரிஃப் பருவம் முதல் பிரதமர் பயிர்க் காப்பீட்டில் நெல்லுக்கும் கோதுமைக்கும் மகசூலை முடிவு செய்யும்போது, தொழில்நுட்பம் சொல்லும் எண்ணுக்குக் குறைந்தது 30 விழுக்காடு எடை தர வேண்டும் என்றாகிவிட்டது. மீதிக்கு, வயலில் அறுத்து எடைபோடும் பயிர் அறுவடைப் பரிசோதனை. இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஓர் ஊரின் உத்தரவாத மகசூல் எக்டேருக்கு 2,500 கிலோ என்று வையுங்கள். கடைசி நேர மழையில் பயிர் சாய்ந்து, அறுவடைப் பரிசோதனையில் 1,500 கிலோதான் வந்தது. இழப்பு 40 விழுக்காடு. சாய்ந்ததை உணராத கணினி மாதிரியோ 2,500 என்கிறது. இரண்டையும் 70க்கு 30 எனக் கலந்தால் 1,800 கிலோ. இழப்பு 28 விழுக்காடாகச் சுருங்குகிறது. அந்த ஊரில் ஒவ்வொருவர் கணக்கிலும், காப்பீடு செய்த மொத்தத் தொகையில் 12 விழுக்காடு காணாமல்போகிறது.

அறுவடைப் பரிசோதனை புனிதமானது என்று சொல்ல வரவில்லை. ஆள் பற்றாக்குறை, தாமதம், நாற்காலியில் உட்கார்ந்தே நிரப்பிய படிவம் என்று அதன்மீது இருக்கும் புகார்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. சிறிய வட்டம் போட்டு அறுத்தால் ஓரத்துப் பயிரும் உள்ளே வந்து மகசூல் கூடுதலாகத் தெரியும் என்று புள்ளியியலாளர் மகலனோபிஸின் முறையோடு இன்னொரு புள்ளியியலாளரான சுகாத்மே மல்லுக்கட்டிய காலத்திலிருந்தே அது சர்ச்சைக்குரிய அளவீடுதான். பரிசோதனையில் தில்லுமுல்லு நடந்த ஊரில் மாதிரியின் எண் விவசாயிக்குச் சாதகமாகவும் திரும்பலாம். இரண்டும் வெகுவாக முரண்படும் ஊர்களை மட்டும் பிரித்தெடுத்து மறுபடி அளக்கச் சொல்வதற்கு வானிலைக் கணிப்பு அருமையான கருவி. பணத்தைப் பிரிக்கும் தராசில் அதை நேரடியாக ஏற்றியதுதான் என் மறுப்பு.

அந்த மறுப்புக்கு 2021 ஜனவரி ஒரு சாட்சி. பொங்கலை ஒட்டி வழக்கத்துக்கு மாறாகக் கொட்டிய மழையில் டெல்டாவின் சம்பா அறுவடைக்கு நின்றபடியே சாய்ந்தது. கதிரிலேயே நெல் முளைத்தது. பயிர் மாதிரி கணக்கிடுவது மணியில் சேரும் மாவுச்சத்தின் எடையை. அது ஜனவரி தொடக்கத்திலேயே சேர்ந்து முடிந்துவிட்டது. ஆகவே மாதிரியின் பார்வையில் பெரிய சேதம் இல்லை. நேரடி கொள்முதல் நிலையத்தில் கேட்பது வேறு: ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா, நிறம் மங்கியிருக்கிறதா, முளைத்திருக்கிறதா. மகசூலும் வருமானமும் பிரியும் இந்த இடத்தை வானிலைத் தரவால் பிடிக்க முடியாது என்றில்லை. அறுவடை வாரத்து மழையைத் தனி இழப்பாகக் கணக்கிடும் விதி மாதிரிக்குள் இல்லை, அவ்வளவுதான். சேர்க்கலாம், சேர்த்த பிறகு எடை கேட்கட்டும்.

அதற்கு முன் இன்னொன்றும் வேண்டும். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அறுக்கும்போது வயல்காரர் வரப்பில் நின்று பார்க்கிறார். தராசு முள்ளைப் படிக்கிறார். சந்தேகம் வந்தால் அங்கேயே சண்டை போடுகிறார். மாதிரியோடு சண்டை போட அவருக்கு வழியில்லை. எந்த மழைமானியின் எண் தன் ஊருக்குப் போடப்பட்டது, நடவு எந்தத் தேதி என்று எடுத்துக்கொண்டார்கள், பிழையின் அளவு கூடக் குறைய எத்தனை கிலோ என்ற மூன்று விவரங்களையும் இழப்பீட்டுப் பட்டியலோடு சேர்த்து ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்டச் சொல்லும் விதி ஒன்று வந்தால், 30 விழுக்காட்டை உயர்த்துவதா குறைப்பதா என்ற விவாதத்தை அதன் பிறகு நடத்தலாம்.