ஜெயில் வாசலுக்கு அப்புறம்

‘ஜெய் பீம்’ (2021) படம் ஜெயில் வாசலில் தொடங்குகிறது. வெளியே வருகிறவனிடம் சாதி கேட்கிறார்கள். நம்ம ஆள் என்றால் அங்கேயே அடுத்த கேஸ். உண்மையான காட்சி. ஆனால் முடிவில் கோர்ட் ஜெயிக்கிறது, நாம கைதட்டிவிட்டுக் கிளம்புகிறோம். மேலூர்ப் பக்கம் வழக்குக்கு அலைகிற எனக்குக் கை எழவில்லை.

‘சந்தேகத்தின் பலனில்’ விடுதலையான சேரிப் பையனைப் போலீஸ் வேலைக்கான விதி குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே வைத்திருக்கிறது. மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட வந்தவர்களையும் வெட்டி ஆயுள்தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019இல் அரசே முன்கூட்டி அனுப்பிவைத்தது. விடுதலையானவனுக்குத் தீராத கேஸ், தண்டனை பெற்றவனுக்குத் தீர்ந்துபோகிறது. இதுதான் அந்த முதல் காட்சியின் மிச்சம். அதைப் படம் எடுக்கவில்லை, நாமதான் எழுதணும்.