தலைமை நாற்காலியில் ஒரு தத்துவவாதி

1978 ஜூலையில் இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். கூடவே அரசுக்கு ஒரு தலைவலியும் பிறந்தது. சிகிச்சையில் மிஞ்சும் கருக்களை என்ன செய்வது? அவற்றில் ஆராய்ச்சி நடத்தலாமா? 1982-இல் இதற்காக அமைத்த குழுவுக்கு அரசு தலைவராக்கியது மருத்துவரையோ நீதிபதியையோ அல்ல. தத்துவம் படித்த, பள்ளித் தலைமையாசிரியையாகவும் இருந்த மேரி வார்னாக்கை.

உயிர் எப்போது தொடங்குகிறது என்ற கேள்வியை வார்னாக் லாகவமாக ஒதுக்கிவைத்தார். அதில் இறங்கியிருந்தால் இன்றுவரை கூட்டம் முடிந்திருக்காது. கருவை எப்படி நடத்துவது என்பதே குழுவின் கேள்வியானது. ஏறத்தாழ 15-ஆம் நாளில், உடலின் அச்சைக் காட்டும் மெல்லிய கோடு கருவில் தோன்றும். அதன்பின் பொதுவாக அது இரட்டையாகப் பிரியாது. குழுவிலிருந்த கருவியலாளர் ஆன் மெக்லாரன் இதை விளக்க, 1984 அறிக்கை 14 நாள் எல்லையைப் பரிந்துரைத்தது. உறுப்பினர்கள் சிலர் ஒப்பவில்லை. தங்கள் மறுப்பை அறிக்கையிலேயே பதிவு செய்தார்கள்.

நாட்களை எண்ணிவிடலாம், வளர்ச்சி நிலையைப் பற்றி வாதாடிக்கொண்டே இருக்கலாம். சட்டத்துக்கு எண் வேண்டும் என்பதை வார்னாக் புரிந்துவைத்திருந்தார். 1985-இல் கரு ஆராய்ச்சியையே தடுக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஈனக் பவல் கொண்டுவந்த மசோதா, இரண்டாம் வாசிப்பில் 238-க்கு 66 என வென்றும் நேரமின்றிக் கைவிடப்பட்டது. 1990-இல் வார்னாக்கின் எல்லை சட்டமானது. இந்தியாவின் 2017 ஸ்டெம் செல் வழிகாட்டுதலிலும் அதே 14 நாள்தான்.

ஆனால் காரணம் பலமாக இருந்ததா? அறிக்கையில் வாதம் மெலிந்திருப்பதாகத் தத்துவ அறிஞர் ஆர். எம். ஹேர் சாடினார். அதில் நியாயம் உண்டு. இதற்கு நேரெதிர், ஆபாசம், திரைப்படத் தணிக்கை பற்றி இன்னொரு தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் தலைமையில் 1979-இல் வந்த அறிக்கை: வாதத்தில் கூர்மை, போய்ச் சேர்ந்ததோ அலமாரிக்கு. தாட்சர் அரசு அதைக் கிடப்பில் போட்டது.

வார்னாக்கின் எல்லை நீண்டகாலம் ஆய்வாளர்கள் யாரையும் உறுத்தவில்லை. கருவை ஆய்வகத்தில் அவ்வளவு நாள் வளர்க்கவே தெரியாதிருந்தது. 2016-இல் இரு ஆய்வுக் குழுக்கள் 12, 13 நாள்வரை எட்டின. 2021-இல் சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கம் இந்த எல்லை மீறலைத் தன் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. இப்போது சில ஆய்வாளர்கள் 28 நாள் கேட்கிறார்கள். கருவில் தோன்றும் கோடுதான் காரணம் என்றால் எல்லை நகர வேண்டியதில்லை. சமூக உடன்பாடுதான் காரணம் என்றால், உடன்பாட்டைப் புதுப்பிக்க எல்லாத் தரப்பையும் மீண்டும் உட்காரவைக்க வேண்டும். வார்னாக் 2019-இல் காலமானார். இந்த இரண்டில் எது அடித்தளம் என்பது பற்றி அவரது அறிக்கையை வைத்து இரு தரப்பும் வாதாடலாம்.