படையலும் பந்தியும்

பங்குனி உத்திரம் வந்துவிட்டால் சிவகிரியிலும் சங்கரன்கோவில் வட்டாரமெங்கும் சாலைகள் நிறைந்துவிடும். பிழைப்பு நாடிச் சென்னைக்கும் மும்பைக்கும் சென்றோரெல்லாம், பாட்டனும் பூட்டனும் வணங்கிய சாத்தாவைத் தேடி வருவர். அடுப்பு மூட்டுவர், பொங்கல் பொங்கும். மாடனுக்கும் கருப்பனுக்கும் கொடை என்றால் கிடாவும் சேவலும் விழும். முன்னோர் உண்ட சோற்றையும் கறியையும் படைத்து, பின்னர் பந்தி விரிப்பர்.

"மூடப்பழக்கம்! நமக்கென்ன வேலை?" என்று ஒதுங்குகிறான் இளைஞன். ஒதுங்கலாமா தோழனே? மாடன் ஒரு பருக்கையும் தொட்டதில்லை. வைத்தது வைத்தபடியே இருக்கிறது. உண்பவன் மனிதன். ஆராய வேண்டியது பந்தியை!

ஆட்சியாளரோ படையலையே பார்த்தனர். 1950-இல் விலங்கு, பறவைப் பலியைத் தடுக்கச் சட்டம் பிறந்தது. அரை நூற்றாண்டு உறங்கிய அதனை 2003-இல் தட்டி எழுப்பினர், 2004-இல் நீக்கினர். கறிச்சோறு இழிந்தது, பருப்புச்சோறு உயர்ந்தது என்னும் பழைய எண்ணம் அதனுள் ஒளிந்திருந்தது என்பதே நம் கருத்து. கிடா தப்பினால் சமத்துவம் வந்துவிடுமோ?

சேரன்மாதேவியைப் பாருங்கள். அதுவும் நெல்லைச் சீமைதான். வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் கிடா வெட்டியவர் யார்? காங்கிரசுப் பணம் பெற்று, நாட்டுப்பற்றைக் கற்பித்த இடம் அது. அங்கேதான் இரண்டு பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப் பந்தி! வரதராசலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தெழுந்தனர். வகுப்புரிமைத் தீர்மானமும் காஞ்சியில் மறுக்கப்படவே, 1925 நவம்பரில் பெரியார் காங்கிரசை விட்டே வெளியேறினார்.

நம் பந்தி மட்டும் ஒழுங்கோ? பங்காளிகளில் செல்வனும் கூலியும் ஒரே வரிசையில் அமர்கின்றனர். அழகிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே குருதி என்பதனால் கிடைத்த சமத்துவம் அது! விடியும்வரை மேளம் அடித்தவன் எங்கே உண்டான்? அடுப்படியில் வெந்த தாய் எத்தனையாவது பந்தியில் அமர்ந்தாள்?

அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3-இல் கோவில்களில் அரசு பொதுவிருந்து நடத்துகிறது, வரவேற்கிறோம். எனினும் அது அரசின் சோறு. தன் பாட்டன் சோற்றை எவனும் அங்கே பிறனுக்குப் பகிர்வதில்லை. சிவகிரி இளைஞர்கள் அடுத்த கொடையில் மேளக்காரரை முதற்பந்தியில், தம் பக்கத்திலேயே அமர்த்தட்டும். பெரியவர்களில் எத்தனை பேர் இலையை விட்டு எழுகிறார்கள், எத்தனை பேர் இருந்து உண்கிறார்கள் என்று அன்றே எண்ணிவிடலாம்.