காயமும் கடமையும் – வேட்டை நினைவு நூல்கள் குறித்து

துப்பாக்கியை நெடுநாள் கையாண்டவர்கள் எழுதிவைத்த நினைவு நூல்களை நம் திறனாய்வாளர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. சிறுவர்க்குரிய வீரக்கதைகள் என்று சிலர் அவற்றைத் தள்ளிவிடுகின்றனர். உயிர்க்கொலையைப் புகழ்பவை என்று வேறு சிலர் வெறுக்கின்றனர். திருச்சபை சார்ந்த இதழ் ஒன்றில் அவற்றுக்கு இடம் ஏது என்று கேட்கும் வாசகரும் இருக்கக்கூடும். ஆயினும் வேட்டைக்காரர்களுக்கும் ஒரு பாதுகாவலர் உண்டு. 727ஆம் ஆண்டில் இறந்த லியேஜ் ஆயர் புனித ஹூபர்ட்டின் திருநாளை நவம்பர் 3ஆம் நாள் கொண்டாடுகின்றனர். தாம் துரத்திச் சென்ற கலைமானின் கொம்புகளுக்கிடையே சிலுவை ஒளிர்வதைக் கண்டு அவர் மனம் திரும்பினார் என்பது வழிவழி வரும் கதை. துரத்துபவன் நின்று பார்க்கத் தொடங்கும் கணமே அக்கதையின் உயிர்நிலை. அத்தகைய கணம் வேட்டை நூல்களில் எங்கே வருகிறது என்று தேடுவது வீண் வேலை ஆகாது.

இந்நூல்களில் இருவகைப் பக்கங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று நினைவு, மற்றொன்று அறிவுரை. நினைவு எப்போதும் எழுதியவனைச் சற்று உயர்த்தியே காட்டும். இது வேட்டைக்காரர்க்கு மட்டும் உரிய குறையன்று. வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்துச் சென்றதாகப் பாடிய மரபு நம்முடையது. ஆனால் அறிவுரை அப்படிப் புகழ் தேடுவதில்லை. துப்பாக்கி வெறுமையாக இருக்கிறது என்று எவர் சொன்னாலும் நம்பாதே; வேலியைத் தாண்டுமுன் தோட்டாவை எடுத்துவிடு; சலசலப்பைக் கேட்டுச் சுடாதே, உருவத்தைக் கண்டு தெளிந்த பின் விசையைத் தொடு; இலக்கைப் பார்ப்பதோடு நில்லாமல் அதன் பின்னால் நிற்பதையும் பார். இவற்றைப் படிக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. இந்த விதி ஒவ்வொன்றையும் எங்கோ எவரோ இரத்தம் சிந்திக் கற்றிருக்கிறார். நினைவுப் பக்கத்தில் மறைக்கப்பட்ட தவறு, அறிவுரைப் பக்கத்தில் பெயரின்றி வெளிப்பட்டுவிடுகிறது. ஆகவே வேட்டை நூலை மதிப்பிட விரும்புவோர் வீழ்ந்த விலங்குகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அதன் அறிவுரைகளில் இருந்தே தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து.

ஜிம் கார்பெட்டை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். 1875இல் நைனிதாலில் பிறந்து, 1955இல் கென்யாவில் மறைந்தவர். 1944இல் வெளிவந்த அவருடைய குமாவுன் ஆட்கொல்லிப் புலிகள் பற்றிய நூலைத் தி. ஜ. ர.வின் மொழிபெயர்ப்பில் தமிழர்கள் படித்தார்கள். 1907இல் அவர் வீழ்த்திய சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. வேறொருவர் கையில் இந்த எண்ணே நூலின் பெருமையாகியிருக்கும். கார்பெட் அதைக் கடந்து, இறந்த புலியின் வாயைத் திறந்து பார்க்கிறார். வலப்புறக் கோரைப் பற்களில் மேற்பல் பாதியாகவும், கீழ்ப்பல் எலும்பு வரையிலும் உடைந்திருக்கின்றன. எப்போதோ எவனோ சுட்ட குண்டின் வேலை அது. இயல்பான இரையைப் பிடிக்க முடியாத புலி மனிதரை நாடியது. புலி ஆட்கொல்லியாவதற்கு, கவனமின்றிச் சுட்டுவிட்டுக் காயம்பட்ட விலங்கைத் தேடிச் செல்லாமல் விட்டுவிடுவது ஒரு முதன்மைக் காரணம் என்று அவர் நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். முள்ளம்பன்றியின் முட்களால் உண்டான காயம் மற்றொரு காரணம்.

இங்கே ஒரு வேட்டை விதி அறநெறியாக உயர்வதைக் காண்கிறோம். காயப்படுத்தியதைத் தேடிப் போ என்பதே அவ்விதி. சுட்டவன் மாலையில் வீடு திரும்பித் தேநீர் அருந்தியிருப்பான். அவன் மறந்துபோன காயம் பல ஆண்டுகள் காட்டில் நடமாடி, அவனை அறியாத பெண்களையும் விறகு பொறுக்கியோரையும் பலி கொண்டது. பாவத்தின் விளைவு செய்தவனோடு முடிந்துவிடுவதில்லை என்று நாம் மறைக்கல்வியில் கற்பிக்கிறோம். அதை இதைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டை எங்கே தேடுவது?

அதே நூலில் கார்பெட் சறுக்கும் இடமும் உண்டு. பவல்கர் காட்டின் பெரும் புலியைப் பற்றிய இயல் அது. அப்புலி எவரையும் கொன்றதில்லை. 1920 முதல் 1930 வரை பலரும் விரும்பித் தேடிய வேட்டைப் பரிசாக அது இருந்தது. அதனால் அவரும் அதைச் சுட்டார். காயம்பட்ட புலியைக் கைவிடாமல் தொடர்ந்து சென்று முடித்ததில் தம் விதிக்கு அவர் உண்மையாகவே இருந்தார். ஆனால் அந்த முதற்குண்டு தேவையா என்ற கேள்வி அந்த இயலில் எழவே இல்லை. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்குப் பொருந்தாது என்பது திருச்சபையின் மறைக்கல்வி நூல் தரும் போதனை. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் அதனை மீண்டும் நினைவூட்டினார். இந்த உரைகல்லில் பவல்கர் இயல் மாற்றுக் குறைந்தே நிற்கிறது.

எனினும் 1930இல் நிகழ்ந்த சௌகர் பெண்புலி வேட்டையை அதே உரைகல்லில் வைத்துப் பாருங்கள். வழியில் எடுத்த இரண்டு பறவை முட்டைகள் கார்பெட்டின் இடக்கையில் இருக்கின்றன. பாறையைச் சுற்றித் திரும்பியபோது எட்டடித் தொலைவில் புலி. முட்டைகளைக் கீழே போடாமல், ஒரு கையாலேயே துப்பாக்கியை மெல்ல மெல்லத் திருப்பிச் சுடுகிறார். பிறகு முட்டைகளைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைக்கிறார். அரைமணி கழித்துத் திரும்புகையில் தாய்ப்பறவை அடைகாத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கையில் சாவும் மறு கையில் உயிரும் இருந்த அந்த நிலையைக் கார்பெட் விளக்க முற்படவில்லை. விளக்காமல் விட்டதே அதன் சிறப்பு.

பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் (1896–1987) தன்வரலாற்றையும் இந்த வரிசையில் வைத்தே படிக்க வேண்டும். 1985இல் வெளிவந்த அதன் ஆங்கிலத் தலைப்பு, குருவி ஒன்றின் வீழ்ச்சியைக் குறிக்கிறது. ஒரு குருவி விழுவதும் விண்ணகத் தந்தைக்குத் தெரியாமல் இல்லை என்று இயேசு உரைத்ததை மத்தேயு நற்செய்தியில் படித்தவர்க்கு அத்தலைப்பு உடனே பொருள் தரும். சிறுவன் சாலிம் தன் காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. அது என்ன பறவை என்ற ஐயம் அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு இட்டுச் சென்றது. அங்கே செயலராக இருந்த மில்லார்டு பாடம் செய்யப்பட்ட பறவைகளை அவனுக்குத் திறந்து காட்டினார். இந்தியப் பறவையியலின் ஒரு பெரும் வாழ்வு அங்கே தொடங்கியது.

அவருடைய இளம்பருவக் குறிப்பு ஒன்று இன்னும் கூர்ந்து நோக்கத் தக்கது. ஒரு கூட்டின் அருகே காவலிருந்த ஆண்குருவியைச் சுட்டான், பெண்குருவி வேறொரு துணையைக் கொணர்ந்தது, அதையும் சுட்டான். ஏழு நாளில் எட்டு ஆண்குருவிகள். கொன்ற கணக்கும் கண்ட காட்சியும் ஒரே குறிப்பில் அருகருகே நிற்கின்றன. முன்னது அச்சந்தருவது, பின்னது அறிவின் விதை. முதியவராகி எழுதியபோதும் அவர் அக்குறிப்பை மறைக்கவில்லை. நல்லவை போல் தோன்றும் பல தன்வரலாறுகளில் இல்லாத நேர்மை இது.

சுடுவோர்க்கு உரைக்கப்படும் விதிகளில் ஒன்று நம் கடலூர் மண்ணில் தனிப்பொருள் கொள்கிறது. குண்டு எங்கே போய் விழும் என்று அறியாமல் சுடாதே என்பது அது. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு விழும் எல்லை வரை நிலம் கம்பெனிக்கு உரியது என்பது ஏற்பாடு. அவ்வாறு சேர்ந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன; குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்த நினைவு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேட்டைக்காரனுக்கு, குண்டு விழும் இடம் அவன் பொறுப்பு. ஆதிக்கக்காரனுக்கோ குண்டு விழும் இடம் அவன் உடைமை. ஒரே கருவியைத் தூக்கிய இருவர்க்கிடையே எத்துணை வேறுபாடு!

இனி, இந்த அறிவுரைகளை முதலில் அறிந்திருந்தவர் யார் என்று கேட்போம். விரிசல் கண்ட வலக்குழலும் பித்தளைக் கம்பியால் கட்டிய கட்டையுமாகத் தம் கைக்கு வந்த பழைய துப்பாக்கியைக் கார்பெட் நினைவுகூர்கிறார். சிறுவனாக இருந்த அவருக்குக் காட்டைக் கற்பித்தவர்களுள் குன்வர்சிங் என்ற கிராமத் தலைவரும் ஒருவர். சட்டத்தின் கண்ணில் கள்ள வேட்டைக்காரர். கென்னத் ஆண்டர்சனை (1910–1974) எடுத்துக்கொண்டாலும் இதுவே நிலை. பெங்களூரில் வாழ்ந்து, பென்னாகரம், அஞ்செட்டி, ஜவளகிரிப் பகுதிகளில் திரிந்த அவர் 1954இல் தம் முதல் வேட்டை நூலை வெளியிட்டார். நம் ஊர்ப்பெயர்களும் நம் காட்டு மக்களும் நிறைந்த பக்கங்கள் அவை. அவருக்குத் தடம் பார்க்கக் கற்பித்த பைரா என்ற பழங்குடித் தோழரும் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியோடு திரிந்தவரே. நூலாசிரியரின் பெயர் அட்டையில் இருக்கிறது. ஆசானின் பெயர் உள்ளே எங்கோ ஓர் இயலில். ஆண்டர்சன் அவரை அன்போடு எழுதினார் என்பது உண்மை; எனினும் பைரா தம் வாயால் சொல்லியிருந்தால் அக்கதை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணாமல் அந்நூல்களை மூட முடியவில்லை.

அந்த எண்ணத்தோடு சிதம்பரம், கடலூர்ப் பேருந்து நிலையங்களில் பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவ மக்களைப் பார்க்கிறோம். நரியின் குரலெழுப்பி நரியையே வரவழைக்கும் திறன் அவர்கள் முன்னோருடையது. குழல்வாய் வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கி அவர்களுடைய பிழைப்புக் கருவியாக இருந்தது. அத்துப்பாக்கியின் இலக்கணம் எளியதன்று. மருந்தை அளவு மீறி இட்டால் குழல் வெடிக்கும். ஒருமுறை கெட்டித்ததை மறந்து மறுமுறை கெட்டித்தாலும் அதே கதி. சுட்டபின் குழலில் படியும் கசடு ஈரத்தை இழுக்கும். வெந்நீரால் கழுவி எண்ணெயிடாவிட்டால், உப்புக்காற்று வீசும் நம் கரையில் இரும்பைத் துரு விரைவில் தின்றுவிடும். இவற்றையெல்லாம் தந்தை மகனுக்கு வாக்ரிபோலி மொழியில் சொல்லிக்கொடுத்தார். எழுத்து வடிவமற்ற அம்மொழியில் எந்த நினைவு நூலும் அச்சேறவில்லை.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டின் திருத்தமும் வேட்டையின் வாயிலை அடைத்தன. அது தேவையான சட்டம் என்பதில் நமக்கு ஐயமில்லை. வீராணத்திலும் பெருமாள் ஏரியிலும் பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளிலும் பறவைகள் இன்றும் இறங்குவதற்கு அத்தகைய காவலும் ஒரு காரணம். ஆனால் விளையாட்டுக்காகச் சுட்டவர் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு நூல் எழுத முடிந்தது. வயிற்றுக்காகச் சுட்டவர் தொழிலை இழந்ததோடு குற்றவாளி என்ற பெயரையும் சுமந்தார். 2023இல் அம்மக்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அந்த ஏற்பு தாமதமாக வந்தாலும் வரவேற்கத்தக்கது. அவர்களுடைய அறிவை ஏற்பது இன்னும் மிச்சம் இருக்கிறது.

வேட்டை நின்றுபோன நாட்டில் இவ்வறிவுரைகளால் யாருக்குப் பயன் என்று கேட்கலாம். காற்றின் திசை அறிந்து நில், அசையாதே, தடத்தைப் படி, காத்திரு என்பவை கொல்வதற்கு மட்டும் உரிய பாடங்கள் அல்ல. கார்பெட் பிற்காலத்தில் புலிகளைப் படச்சுருளில் பதிவு செய்தார். நம் மா. கிருஷ்ணன் (1912–1996) தாமே இணைத்து உருவாக்கிய நிழற்படக் கருவியோடு காடுகளில் நடந்தார். கற்ற பாடம் ஒன்றே. கையிலிருந்த கருவி மாறியது. இப்பாடத்தைத் துப்பாக்கி தூக்காமலே கற்றவர்களும் உண்டு. ஆங்கிலேயச் சிப்பாய்கள் நீர்ப்பறவைகளைச் சுட்டபோது ஆட்சியரிடம் முறையிட்டுத் தடை வாங்கிய வேடந்தாங்கல் ஊரார், எந்த வேட்டை நூலுக்கும் குறையாத அறிவுரையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே நாட்டுக்குத் தந்துவிட்டனர்.

ஆகவே கார்பெட்டையும் ஆண்டர்சனையும் சாலிம் அலியையும் நம் இளையோர் படிக்கட்டும். வீரத்தைத் தேடிப் படிப்பதைவிட, காயம்பட்டதைத் தேடிச் சென்ற பக்கங்களைத் தேடிப் படிக்கட்டும். அதோடு இன்னொரு பணியும் உள்ளது. நாட்டுத் துப்பாக்கியைக் கையாண்ட கடைசித் தலைமுறை நம் பங்குகளின் எல்லைக்குள்ளேயே முதுமை எய்தி வருகிறது. அவர்களிடம் விற்பனைப் பேச்சைக் கடந்து ஒரு சொல் பேசியவர்கள் நம்மில் சிலரே. பங்கு இளைஞர் குழுக்கள் அம்முதியோர் அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் முறையிலேயே எழுதி வைத்தால், தமிழில் இதுவரை இல்லாத ஒரு நூல் பிறக்கும். அதன் அட்டையில் அவர்கள் பெயரே இருக்க வேண்டும்.