லயமும் கடைவீதியும்

ராகலையிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கண்டி ஹந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகம் போனேன். 1925இல் எழுந்த தொழிற்சாலைக் கட்டடம், பழைய இயந்திரங்கள், 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப்பொருட்கள். நன்றாகத்தான் பேணுகிறார்கள். “சேர், கொழுந்து பறிச்ச எங்க பாட்டி எங்க?” என்றாள் ஒருத்தி.

பாட்டியைத் தேடுவோர் கம்பளைக்கு அருகே பரதெக்கவுக்குப் போகவேண்டும். பழைய லயமொன்றையே அங்கு தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி 2007இல் திறந்தார்கள். பொருட்களைவிட அந்தச் சின்னக் காம்பராதான் பேசுகிறது. ஒரு குடும்பம் முழுதும் இதற்குள்ளா என்று கேட்காமல் வெளியே வரமுடியாது.

சரி, நம்ம பக்கம்? முஸ்லிம் வரலாறு எழுதுவோர் பேருவளைக் கெச்சிமலையோடு நின்றுவிடுகிறார்கள், மலையேறுவது அரிது. சம்பள நாள்வரை தோட்டத்துக்கு அரிசி கடன் கொடுத்த நம்மவர் கடைகள் எத்தனை! அந்தக் கடன் கொப்பிகளில் தொழிலாளியின் பசியும் நமது இலாபமும் ஒரே பக்கத்தில் கிடந்தன. இலாபத்தை மறைத்துவிட்டு உதவியை மட்டும் எழுதினால் அது வரலாறல்ல. வாப்பாவின் கொப்பிகளை, வீடு வெள்ளையடித்தபோது குப்பையென்று நாங்களே எரித்தோம்.

அடுத்த தவணை பிள்ளைகளை முதலில் கடைவீதிக்குத்தான் கூட்டிப்போவேன். பழைய கடைகளில் கொப்பி ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று அவர்களே கேட்கட்டும்.