மூலநாடா யார் கையில்?

சில மாதங்களுக்கு முன் ஸ்காபறோவில் நண்பர் ஒருவர் வீட்டில் கூடியிருந்தபோது அவருடைய மகள் ஒரு கடதாசிக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இருபத்துநாலு பக்கம். பாடுகிற பிள்ளை. தானே எழுதி, தானே மெட்டமைத்து, பேஸ்மென்ற்றில் பதிவுசெய்து வெளியிட்டுக்கொண்டிருப்பவள். ஒரு கொம்பனி ஒப்பந்தம் அனுப்பியிருந்தது. 'மாமா, இதிலை கையெழுத்து வைக்கலாமோ?' என்று கேட்டாள். கவிதைக்கும் சிறுகதைக்கும் அபிப்பிராயம் சொல்லியே பழகிப்போன எமக்கு ஒப்பந்தம் வாசிக்கத் தெரியவில்லை. சட்டத்தரணியிடம் காட்டு என்றோம். (அன்று நாம் சொன்ன உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.) வீட்டுக்கு வந்து, நீண்டநாட்களாகத் தொடாதிருந்த ஸ்டீவ் அல்பினியின் கட்டுரையை எடுத்து மறுபடி வாசித்தோம்.

'இசையின் பிரச்சினை' என்று தமிழில் சொல்லக்கூடிய அந்தக் கட்டுரை 1993இல் 'தி பாஃப்ளர்' என்ற அமெரிக்கச் சிறுபத்திரிகையில் வெளியானது. அல்பினி கிற்றார் வாசித்தவர். அதைவிட ஒலிப்பதிவாளராகவே அதிகம் அறியப்பட்டவர். 2024 மே மாதம் மறைந்தார். அவர் எழுதியது புலம்பலல்ல, கணக்கு. ஒரு கற்பனை இசைக்குழு; நாலு பேர். பெரிய கொம்பனியொன்று அவர்களுக்கு இரண்டரை லட்சம் டொலர் முற்பணம் கொடுக்கிறது. இசைத்தட்டு இரண்டரை லட்சம் பிரதி விற்கிறது. சில்லறை விலையில் முப்பது லட்சம் டொலர். குழுவுக்கு நூற்றுக்குப் பதின்மூன்று வீதம் உரிமைப்பணம். அதிலும் பத்திலொன்று கழிவு. ஆகவே 3,51,000 டொலர் வரவேண்டும். இங்கேதான் கத்தி இறங்குகிறது. முற்பணம் 2,50,000 கழிகிறது. தயாரிப்பாளரின் பங்கு 40,000. விளம்பரம் 25,000. பழைய சிறு கொம்பனியிடமிருந்து குழுவை விடுவிக்கக் கொடுத்தது 50,000. கூட்டிக் கழித்தால் குழு கொம்பனிக்கு 14,000 டொலர் கடன். ஒலிப்பதிவுச் செலவு, வீடியோ எல்லாம் முற்பணத்துக்குள்ளேயே கரைந்துவிட்டன. எல்லாம் முடிந்தபின் கொம்பனிக்கு 7,10,000. குழுவில் ஆளுக்கு 4,031 டொலரும் இருபத்தைந்து சதமும்.

அந்த இருபத்தைந்து சதம்தான் கட்டுரையின் உயிர் என்று நினைக்கிறோம். வசைபாட எவராலும் முடியும். சதம்வரை கணக்குக் காட்டுவதற்கு உள்ளே இருந்த ஒருவர் வேண்டும். கடைசியில் அல்பினி ஓர் ஒப்பீடு சொல்கிறார்: இவர்கள் செவன் இலெவன் கடையில் வேலைசெய்திருந்தால் உழைத்திருக்கக்கூடியதில் மூன்றிலொரு பங்கே கிடைத்தது. அமெரிக்க வாசகருக்கு அது ஒரு பகிடி. அந்தக் கடைகளின் இரவு 'ஷிப்ற்'றில் நின்று, விடியப்புறம் வந்து, அதே கையால் கவிதை எழுதிய எமக்கு அது பகிடியில்லை. மணித்தியாலக் கூலி எவ்வளவென்று எமக்குத் தெரியும்.

இது வெறும் கற்பனைக் கணக்கென்று சொல்பவர்களுக்கு: 1994இல் வெளிவந்து கோடிக்கு மேல் விற்ற இசைத்தட்டொன்றின் சொந்தக்காரிகளான டி.எல்.சி. என்ற மூன்று பெண்கள் 1995இல் வங்குரோத்து மனுப் போட்டார்கள்.

ஆனால் கட்டுரையின் மிக நுட்பமான பகுதி கணக்கு அல்ல, அதற்கு முன் வரும் ஆள். கொம்பனி தன் தூதுவனாக ஒரு கிழவரையோ சூட்டுப் போட்டவரையோ அனுப்புவதில்லை. குழுவின் வயதையொத்த, அதே இசையைக் கேட்டு வளர்ந்த, ஒருகாலத்தில் தானே சிறுபத்திரிகை நடத்தியோ குழுவில் வாசித்தோ இருந்த ஒருவனை அனுப்புகிறது. அவன் நல்லவன். உண்மையிலேயே உங்கள் இசையை விரும்புகிறவன். சிறிய கடதாசி ஒன்றில் 'பேச்சுக்கு' ஒரு கையெழுத்துக் கேட்கிறான். பிறகு ஒப்பந்தம் பிடிக்காவிட்டாலும் வெளியே போகமுடியாது. அந்தச் சிறு கடதாசி கட்டிவிட்டது. ஆட்சேர்க்க எப்போதும் எம்மவனே வருவான் என்பது எமக்கு இசையினூடாக மட்டும் தெரிந்த சங்கதியல்ல. அதை இங்கே விரிக்கவில்லை.

அப்படியென்றால் தனித்து நிற்பதுதான் வழியா? அல்பினி தான் சொன்னபடி நடந்தவர். 1993இல் நிர்வாணாவின் 'இன் யூட்டரோ'வைப் பதிவுசெய்தபோது, விற்பனையில் பங்கு வேண்டாம், குழாய் திருத்துபவனுக்குக் கொடுப்பதுபோல வேலைக்குக் கூலி கொடுங்கள் என்று அந்தக் குழுவுக்குக் கடிதமே எழுதினார். பங்கு வாங்கியிருந்தால் அவருக்குப் பெருந்தொகை சேர்ந்திருக்கும். இந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆயினும் ஒன்றைக் கேட்காமல் விடமுடியாது: கூலியை முதலே கேட்டு வாங்கக்கூடிய கைத்தொழில் அவரிடம் இருந்தது. பாட்டு எழுதுபவருக்கு அந்தக் கூலியை யார் கொடுப்பது? கட்டுரை அவ்விடத்தில் மௌனமாகிறது. குழுக்களின் அறியாமையைப் பார்த்துச் சிரிக்கிறதேயன்றி, அவர்கள் ஏன் அந்தக் குழியில் குதிக்கிறார்கள் என்று விசாரிப்பதில்லை. வாடகை கட்டவேண்டியவன் குதிக்கிறான்.

பதில் சொன்னவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். வாஷிங்டனில் 1980இல் தொடங்கிய 'டிஸ்கோர்ட்' எழுத்து ஒப்பந்தமே இல்லாமல் வாய்வார்த்தையில் இசைத்தட்டு வெளியிட்டது. அதன் ஃபுகாசி குழு பெரும்பாலும் ஐந்து டொலர் நுழைவுச்சீட்டுக்கே வாசித்தது. பஃபலோ நகரில் ஆனி டிஃபிராங்கோ 1990இல் சொந்தக் கொம்பனி திறந்து, ஊரூராகப் போய்ப் பாடி, அங்கேயே விற்றார். இவர்கள் பிழைத்தார்கள். ஆனால் பிழைத்தது துணிவால் மட்டுமல்ல. பெட்டி கட்டுவது, தபாலில் போடுவது, மண்டபம் பிடிப்பது, வான் ஓட்டுவது, ஒவ்வொரு ஊரிலும் படுக்க ஒரு நண்பர் வீடு என்று கண்ணுக்குத் தெரியாத உழைப்பின் வலையொன்று பின்னப்பட்டிருந்தது. அதற்கும் மேலாக, ஐந்து டொலரை எடுத்துக் கொடுக்கிற ஒரு சிறு கூட்டம் திரும்பத்திரும்ப வந்தது.

டிஃபிராங்கோ பற்றி இன்னொன்று. 1997இல் 'மிஸ்' என்ற பெண்ணியச் சஞ்சிகை அவரைப் பாராட்டியது, எதற்காக? ஒரு தட்டுக்கு அவர் உழைப்பது பெரிய குழுக்களைவிடக் கூட என்பதற்காக. அவர் கோபித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார். பாட்டை விட்டுவிட்டுக் கல்லாப்பெட்டியை எண்ணுகிறீர்களே என்பது அதன் சாரம். எமது விமர்சகர்களும் வாசிக்கவேண்டிய கடிதம்.

அல்பினி 2014இல் மெல்பேர்னில் பேசியபோது, இணையம் வந்து அந்தப் பழைய பிரச்சினையைத் தீர்த்துவிட்டது என்றார். இடைத்தரகர் ஒழிந்தார், இசைஞரும் கேட்பவரும் நேரே சந்திக்கிறார்கள். இந்தப் பேச்சோடு எமக்கு உடன்பாடில்லை. ஒலிப்பதிவு மலிந்தது உண்மை. ஆனால் ஸ்பொட்டிஃபை போன்றவை ஒவ்வொரு கேட்டலுக்கும் நிலையான கூலி கொடுப்பதில்லை; வருகிற பணத்தை ஒரே குடத்தில் ஊற்றி, மொத்தக் கேட்டலில் யாருக்கு எத்தனை பங்கு என்று பிரிக்கின்றன. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படாத பாட்டுக்கு அந்தக் குடத்திலிருந்து ஒன்றுமில்லை. சிறிய இசைஞருக்கு நம்பகமாயிருந்த பாண்ட்கேம்ப், டிஜிற்றல் விற்பனையில் பதினைந்து வீதம் மட்டுமே எடுத்தது. அதுவும் 2022இல் ஒரு கொம்பனிக்கும் 2023இல் இன்னொன்றுக்கும் கைமாறி, ஊழியரில் ஏறக்குறையப் பாதிப்பேர் வேலையிழந்தனர். தரகர் ஒழியவில்லை, முகவரி மாறியிருக்கிறார்.

தமிழுக்கே வருவோம். 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யை எம் வீடுகளில் கேளாதவர் இல்லை. சந்தோஷ் நாராயணனின் இசையில் தீயும் அறிவும் பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் நினைவிலிருந்து அதை எழுதியதாக அறிவு சொல்லியிருக்கிறார். உழைத்த நிலம் உழைத்தவருக்கு இல்லாமற்போன கதை. வெளியிட்டது சுயாதீனக் கலைஞர்களுக்கென்றே தொடங்கப்பட்ட ஒரு மேடை. நாற்பது கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட அந்தப் பாட்டிலிருந்து தமக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்க எம்மிடம் கணக்குப் புத்தகம் இல்லை. கேட்பவருக்கும் இல்லை, சிலவேளை பாடியவருக்குமே இல்லை. 'சுயாதீனம்' என்ற சொல்லை விளம்பரத்தில் போட்டுவிட்டால் கணக்கு திறந்துவிடுவதில்லை. மாஸ்ரர் எனப்படும் மூலப்பதிவு யாருடையது, எத்தனை வருடத்துக்கு, கழிப்பதற்குரிய செலவு எவை, புத்தகத்தைப் பார்க்க இசைஞருக்கு உரிமை உண்டா? பெரிய கொம்பனியோ சிறியதோ, கேட்கவேண்டியவை இவைதான்.

இவற்றை ஒரு துண்டில் எழுதி அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தோம். அவள் வாசித்துவிட்டு, 'சரி மாமா, கையெழுத்து வைக்கேல்லையெண்டால் ஆர் வாங்கிறது?' என்று கேட்டாள்.

நாம் சற்று நெளிந்தோம். ஏனென்றால் தொண்ணூறுகளில் எமது வட்டத்தைச் சேர்ந்த ஒருவர், பெற்றோல் நிலையத்தில் உழைத்த காசில் ஐந்நூறு கசெற் அடித்தார். திருமண வீடுகளில் கீபோர்ட் வாசித்தவர். அதில் சினிமாப் பாட்டு ஒன்றுகூட இல்லை. வெளியீட்டு விழாவில் நாமே மேடையேறி, புகலிடத்தின் குரல் என்றெல்லாம் பேசினோம். வடை சாப்பிட்டோம். நாலுபேர் ஒன்றை வாங்கி, நாற்பது பிரதி 'கொப்பி' பண்ணினோம். ஒருவர் லண்டனுக்கும் ஒருவர் ஒஸ்லோவுக்கும் அனுப்பினார். பரப்புகிறோம் என்று பெருமையாகவும் இருந்தது. முந்நூறுக்கு மேல் அவர் கட்டிலுக்கடியில் கிடந்தன. இரண்டாவது கசெற் வரவேயில்லை.

அவருடைய கசெற் இன்னும் எம் அலுமாரியில் இருக்கிறது. தேடி எடுத்துப் பார்த்தோம். அட்டையில் பெயர் எங்களில் ஒருவரின் கையெழுத்தில், நீலப் பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது.