எஃகில் மறைந்த கைகள்

சிலை என்றதும், பீடத்தின்மேல் நின்று நம்மைக் கீழ்நோக்கும் தலைவரையே நாம் நினைக்கிறோம். சிகாகோ மில்லேனியம் பூங்காவில் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் படைத்த ‘கிளவுட் கேட்’ அப்பழக்கத்தைக் கலைக்கிறது. ஏறத்தாழ 10 மீட்டர் உயரமும் 20 மீட்டர் நீளமும் கொண்ட அவ்வெஃகு வடிவில் வானமும் மாநகரும் வளைந்து தெரிகின்றன. அதன் வளைவின் அடியில் நின்று அண்ணாந்தால், நம் உருவமே பலவாகச் சிதறுகிறது.

2004-இல் மக்கள் அதை முதலில் கண்டபோது, 168 தகடுகளின் இணைப்புக் கோடுகள் தெரிந்தன. 2006-க்குள் அவை தேய்த்து மறைக்கப்பட்டன. அவ்வழுவழுப்பு இன்றி வானம் அதில் இறங்கியிராது. ஆயினும், உழைத்தோரின் சுவடு அழிந்து நம் முகமே எஞ்சியது. அழகில் நம்மைக் காணும்போது, அதைத் தேய்த்த கைகளையும் நினைப்போமாக!